தேவசகாயம் வேண்டாமென்ற ஊசி

என் முதுகில் வந்த கட்டி எப்படி ஆறியது என்பதற்கு எங்கள் சபையில் ஒரு கதை உண்டு. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் வேறொரு கதை உண்டு. சபையில் கேட்டால், என் மைத்துனர் ஆசீர்வாதம் உபதேசியார் மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்ததால் ஆறியது என்பார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டால், சயன்ஸ் வாத்தியாரை சயன்ஸ் காப்பாற்றியது என்பார்கள். இரண்டு கூட்டத்தார் மேலும் எனக்கு மரியாதை கிடையாது. ஆனாலும் நடந்ததை எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். நீரிழிவுக்காரர்கள் படித்தால் வியாதியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். மற்றவர்கள் என்னைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். பெயர் ராஜமாணிக்கம். திருக்கோகர்ணத்தில் குடியிருந்துகொண்டு புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். இருபத்தைந்து வயதில் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். பெரிய துக்கம் எதுவும் நேர்ந்து நிறுத்தவில்லை. பிரசங்கங்கள் மோசமாக இருந்தன, அவ்வளவுதான். வாரத்துக்கு வாரம் ஒரு ஆள் மேடையில் ஏறி, தான் பார்க்காத ஒன்றைப் பார்த்தவனைப் போலப் பேசுவதையும், கீழே இருப்பவர்கள் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வதையும் என்னால் சகிக்க முடியவில்லை. வகுப்பில் பையன்களிடம் சொல்வேன்: எதையும் கண்ணால் பார்த்துவிட்டு நம்பு, பார்க்க முடியாவிட்டால் பரீட்சை செய்து நம்பு, அதுவும் முடியாவிட்டால் நம்பாதே. இதைச் சொல்லிச் சொல்லி ஊரில் எனக்கு நாஸ்திக வாத்தியார் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு நாளைக்கு இரண்டு குடம் தண்ணீர் குடிக்கும் அளவுக்குத் தாகம் வந்தது. உடம்பு இளைத்தது. வெயில் என்று நினைத்தேன். என் மனைவி எஸ்தர்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, கொல்லையில நீங்க போயிட்டு வந்த எடத்துல எறும்பு மொய்க்குது" என்றாள்.

"எறும்புக்குத் தண்ணி வேண்டாமா?" என்றேன். இதுதான் சயன்ஸ் வாத்தியாரின் லட்சணம். மூத்திரத்தில் சர்க்கரை போனால் எறும்பு வரும் என்பது படிப்பில்லாதவர்களுக்கும் தெரியும்.

அடுத்த மாதம் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், ஒரு பரு வந்தது. பத்து நாளில் அது உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது. ஒரு வாய் இல்லை, சல்லடை போல ஏழெட்டு வாய். ராஜபிளவை என்று ஊரில் சொல்வார்கள். சாதாரணக் கட்டி ஒரு இடத்தில் பழுத்து உடையும். இது தோலுக்கு அடியிலேயே பக்கவாட்டில் பரவிக்கொண்டு போகும். சர்க்கரை வியாதிக்காரன் உடம்பில் சதைக்கு எதிர்த்து நிற்கிற சக்தி இருக்காது, அதனால் சீழ் வைத்த இடமெல்லாம் அதற்குச் சொந்தம். ஜுரத்தில் நான் உளற ஆரம்பித்த பிறகு எஸ்தர் ஒரு ஜட்காவில் என்னைக் குப்புறப் போட்டு ஊருக்கு வெளியே இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே இருந்தது ஒரு தமிழ் டாக்டரம்மா. மெலிந்த குரல், ஆனால் இரண்டாம் தரம் சொல்ல மாட்டார். என் மூத்திரத்தைச் சோதித்ததை நானே பார்த்தேன். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து எடுத்து, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் கொதிக்க வைப்பார்கள். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம். எனக்குச் செங்கல் நிறம் வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் நான் மனசார மதித்தது அந்தக் குழாய் ஒன்றைத்தான். சுவரெல்லாம் வசனங்கள், காலையும் மாலையும் பாட்டு, கம்பவுண்டர் பஞ்சு எடுப்பதற்கு முன்னால்கூட ஒரு தோத்திரம். குழாய் மட்டும் யாரையும் தோத்திரம் பண்ணாமல் உள்ளதைச் சொன்னது.

அறுவைக்கு மேஜையில் படுக்க வைத்ததும் டாக்டரம்மா கண்ணை மூடி ஜெபித்தார்.

"கத்தியைக் கொதிக்க வச்சாச்சில்ல? அது போதாதா?" என்றேன்.

"கத்திக்காக இல்ல வாத்தியாரே, என் கைக்காக" என்றார். அதற்கு நான் பதில் யோசிப்பதற்குள் குளோரோபாரம் மூக்குக்கு வந்துவிட்டது.

கண் விழித்தபோது முதுகில் சிலுவை போலக் கீறி, அழுகிய சதையை எல்லாம் எடுத்திருந்தார்கள். தேங்காய் மூடி கொள்ளும் அளவுக்குப் பள்ளம் என்று எஸ்தர் பிற்பாடு சொன்னாள். அன்றிலிருந்து ஐந்து வாரம் நான் குப்புறத்தான் கிடந்தேன். இரும்புக் கட்டிலின் தலைமாட்டில் தலையணையைச் சுருட்டி வைத்து, அதில் தாடையைக் கொடுத்து, முகத்தை வெளியே தொங்கவிட்டுக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்புத் தரையும் மனிதர்களின் கால்களும்தான். டாக்டரம்மா என்றால் கித்தான் ஷூ. கம்பவுண்டர் என்றால் தேய்ந்த செருப்பு. என் மைத்துனர் ஆசீர்வாதம் உபதேசியார் என்றால் வெள்ளைக்காரப் பாதிரி ஒருவர் கழித்துக் கொடுத்த பூட்ஸ். அது அவருக்கு ஒரு அளவு பெரிது. கால் முன்னால் வரும், பூட்ஸ் பின்னால் வரும். அவர் ஒரு நாளும் குனிந்து என் முகத்தைப் பார்த்ததில்லை. என் பிடரியைப் பார்த்தே பேசிவிட்டுப் போவார்.

எஸ்தர் மட்டும் வேறு மாதிரி செய்தாள். காலையில் கேழ்வரகுக் கஞ்சியும் பாகற்காயும் கொண்டு வருவாள். வந்ததும் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து, மல்லாக்கப் படுத்துக்கொள்வாள். அவள் முகம் என் முகத்துக்கு நேர் கீழே வரும். அப்படியே கிடந்தபடி வீட்டு விஷயம், தெரு விஷயம் எல்லாம் சொல்வாள். வார்டில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். "சிரிச்சாச் சிரிக்கட்டும், எனக்கு ஒங்க மொகம் தெரியணும்ல" என்பாள். ஐந்து வாரமும் அவள் அப்படிச் செய்தாள். நான் ஒரு நாளும் அதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பக்கத்துக் கட்டிலில் தேவசகாயம் என்று ஒருவர். ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமம். கிணறு வெட்டுகிறவர். வெட்டும்போது கல் குத்தி, கால் கட்டைவிரல் கறுத்துப்போய், இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். அவருக்கும் என் வியாதிதான். படிப்பு கிடையாது. வார்டில் நான் அவரை நீ, வா என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது அவர் என்றுதான் வருகிறது.

மனுஷன் நாளைக்கு மூன்று தடவை சத்தம் போட்டு ஜெபிப்பார். ஜெபமா அது? ஆஜர் பட்டியல். தன் மனைவி, இரண்டு மகள்கள், கன்று போடப்போகிற மாடு, கம்பவுண்டருடைய இருமல் எல்லாம் வரிசையாக வந்து, கடைசியில், "ஆண்டவரே, பக்கத்துல கெடக்குற வாத்தியாரையா முதுகையும் பாத்துக்கங்க" என்று முடியும். கடவுளுக்கு என் முதுகு இருக்கும் இடம் தெரியாது என்று நினைத்தார் போலிருக்கிறது.

ஒரு நாள் கேட்டேன். "ஏம்ப்பா, நீ அவரைப் பாத்திருக்கியா?"

"இல்லைங்கய்யா."

"பின்ன எப்படி நம்புற?"

"நான் கெணறு வெட்டுறவன்ங்க. தண்ணியப் பாத்துட்டா வெட்டுறோம்? இருக்குன்னு நம்பித்தான் கடப்பாரையப் போடுறோம்."

"எத்தனை கிணறு வெட்டியிருப்ப?"

"முப்பது இருக்கும்."

"எத்தனையில தண்ணி வரலை?"

வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். "பதினொண்ணுல வரலைங்க. சித்தன்னவாசல் பக்கம் ஒண்ணு வெட்டுனோம், அறுபதடியும் பாறைதான்."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும்தான் சிரித்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. தோற்றவன் கூடச் சேர்ந்து சிரித்தால் ஜெயித்தவனுக்கு என்ன ருசி?

நான்காவது வாரம் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேர் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றார். எங்களுக்குத் தினமும் ஊசியில் போட்டு வந்த இன்சுலின் தீர்ந்துகொண்டு வருகிறது என்றார். சர்க்கரையைச் செரிக்க வைக்கும் ஒரு சாறு வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பியில் ஊறுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அது போதுமான அளவு ஊறாது. மாட்டின் சுரப்பியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து, சின்னப் புட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள், அதுதான் இன்சுலின். சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும். கடலில் கப்பலை மூழ்கடித்துக்கொண்டிருந்தார்கள். ஈர மணலில் புதைத்து வைத்திருந்த ஒரே புட்டிதான் பாக்கி. ஒரு வாரமாக எங்கள் இருவருக்கும் பாதி அளவுதான் போட்டு வந்தார்கள். அதனால் என் குழாய் மறுபடி மஞ்சளுக்குப் போயிருந்தது. முதுகில் புதுச் சீழ் கட்டியிருந்தது.

"நான் திருச்சிக்குப் போறேன். அங்கே இல்லாட்டி மதுரை. அஞ்சாறு நாள் ஆகலாம். ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்கிட்டா புட்டி நாலு நாளைக்கு வரும், கம்பவுண்டர் இழுத்துப் பிடிச்சுப் போட்டா அஞ்சு. எக்காரணம் கொண்டும் ஊசியை நிறுத்தக் கூடாது. நிறுத்தினா சர்க்கரை ஏறி ரத்தத்துல விஷம் சேரும். வாந்தி வரும், மூச்சு வாங்கும், மூச்சுல அழுகின பழ வாசனை வரும். அதுக்கப்புறம் மயக்கம். மயக்கம் வந்துட்டா நான் வந்தும் பிரயோஜனம் இல்லை. புரியுதா?"

"புரியுதுங்கம்மா" என்றார் தேவசகாயம். நான் தலையை ஆட்டினேன். கித்தான் ஷூ போயிற்று.

அவர் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து பூட்ஸ் வந்தது.

"மாப்பிள்ளை, எப்படி இருக்கீங்க?"

"முதுகுகிட்டக் கேளுங்க மச்சான். அதைப் பாத்துத்தானே பேசுறீங்க."

அவர் கேலியைப் பொருட்படுத்துகிற ஆளில்லை. காரணம், அவருக்கு அது புரியாது. நேராகப் பிரசங்கத்துக்கு வந்துவிட்டார். "இந்த ஊசி, புட்டி எல்லாம் எதுக்கு மாப்பிள்ளை? புட்டி கண்ணுக்குத் தெரியுது, அதனால அதை நம்புறீங்க. கண்ணுக்குத் தெரியாததை நம்பணும். அதுக்குப் பேருதான் விசுவாசம். ஊசியை விட்டுட்டு ஆண்டவர் கையில ஒப்புக்கொடுத்துப் பாருங்க. நான் ஜெபிக்கிறேன்."

"போன வருஷம் கடவாய்ப் பல்லு வலிச்சப்ப திருச்சிக்குப் போய்ப் புடுங்கிட்டு வந்தீங்களே, அப்ப ஆண்டவர் ஊர்ல இல்லையா மச்சான்?"

வார்டில் ஒருவன் கனைத்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அவமானப்பட்ட மனிதன் எங்காவது போய் அதைச் சரிக்கட்ட வேண்டும் அல்லவா? பூட்ஸ் திரும்பி, நான்கு அடி நடந்து, பக்கத்துக் கட்டில் ஓரம் போய் நின்றது.

தேவசகாயத்திடம் அவர் ஒரு மணி நேரம் பேசினார். அதே சரக்குதான். ஆனால் இங்கே எதிர்த்துப் பேச ஆளில்லை. படித்தவன் விசுவாசிக்காமல் போனான், படிக்காத நீ விசுவாசித்துக் காட்டு என்றார். நீ எழுந்து நடந்தால் இந்த வார்டே மனம் திரும்பும் என்றார். இந்த வார்டு என்று அவர் சொன்னது என்னை. என்னை ஜெயிக்க அவருக்கு ஒரு கால் தேவைப்பட்டது, அது தேவசகாயத்தின் காலாக இருந்தது. எல்லாம் என் காதில் விழுந்தது. நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் காலை, ஊசி போடும் நேரத்துக்கு முன்னால், தரையில் ஏதோ தேய்க்கிற சத்தம் கேட்டது. தேவசகாயம் கட்டிலை விட்டு இறங்கி, கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு வந்து, என் முகத்துக்குக் கீழே உட்கார்ந்தார். மூன்று வாரமாகப் பக்கத்தில் கிடந்த மனிதனின் முகத்தை அன்றைக்குத்தான் நான் நேராகப் பார்த்தேன். அம்மைத் தழும்பு முகம். ஒரு புருவத்தில் கல் தெறித்த வடு. தூங்காத கண்.

"வாத்தியாரையா, ஊசி வேணாம்னு சொல்லிப்புடலாமான்னு பாக்குறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

இதை நான் மறைக்கப்போவதில்லை. அவர் கேட்ட அந்த நொடியில் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இரண்டு பேருக்குப் பாதிப் பாதியாக நான்கு நாள் வரும் மருந்து, ஒரு ஆளுக்கு முழு அளவாகவே நான்கு நாள் வரும். பாதி அளவில் என் முதுகு அழுகிக்கொண்டிருந்தது. முழு அளவில் அது ஆறும். இவ்வளவும் ஒரு பெருக்கல் கணக்கைவிடச் சுலபமாக முடிந்துவிட்டது.

இருபது வருஷமாகத் தெருவிலும் வகுப்பிலும் கல்யாண வீட்டிலும், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், விசுவாசம் பொய் என்று பேசியவன் நான். இந்த மனுஷன் தவழ்ந்து வந்து, வாயைத் திறந்து, கேட்கிறார்.

"அது உன் விசுவாசம். அதுல நான் என்ன சொல்றது?" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு, தேய்த்துக்கொண்டே திரும்பிப் போனார்.

கம்பவுண்டர் ஊசியோடு வந்தபோது அவர் வேண்டாம் என்றார். கம்பவுண்டர் ஒரு சுற்று வாதாடிப் பார்த்தார். டாக்டரம்மா திட்டுவாங்க என்றார். தேவசகாயம் சிரித்துக்கொண்டே மறுத்தது எனக்குக் கேட்டது. தேய்ந்த செருப்பு என் பக்கம் வந்தது.

"சார், அவரு பங்கையும் ஒங்களுக்கே போட்டுருவமா? உறிஞ்சி எடுத்தாச்சு, வீணாப் போகும்."

"போடுங்க" என்றேன்.

முதல் இரண்டு நாள் தேவசகாயம் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு முழு அளவு போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் என் குழாய் பச்சைக்கு வந்துவிட்டது. கட்டுப் பிரித்த நர்ஸ், "அடியில நல்ல செவப்புச் சதை வருது சார்" என்றாள். அதே மூன்றாம் நாள் தேவசகாயம் பானையை வாயில் கவிழ்த்துக் குடிக்க ஆரம்பித்தார். மத்தியானம் வாந்தி. சாயங்காலத்துக்குள் மூச்சு, தூரத்தில் யாரோ மரம் அறுப்பது போல, நீளமாகவும் ஆழமாகவும் வந்தது. நான்காம் நாள் காலையில் எனக்கு அந்த வாசனை வந்தது. அழுகின பழ வாசனை. கம்பவுண்டர் பெனாயில் என்று நினைத்தார். எனக்கு அது என்ன என்று தெரியும்.

ஊரிலிருந்து அவ்வப்போது வந்து போய்க்கொண்டிருந்த அவர் மனைவி சின்னம்மாள் அன்று தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பூட்ஸும் வந்துவிட்டது. "பயப்படாதம்மா, சொகம் வர்றதுக்கு முன்னால சோதனை இப்படித்தான் உச்சத்துக்கு வரும்" என்று அந்த அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்குவதைக்கூட முன்னேற்றம் என்று சொல்ல ஒரு ஆளுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்தேன். அப்படி அவரை வெறுத்துக்கொண்டிருந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

எஸ்தர் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, பாயில் படுத்து, என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, அவருக்கு ஊசி போடணுங்க. செத்துருவாரு போலருக்கு. நீங்க சொல்லுங்க."

"உங்க அண்ணன்கிட்டப் போய்ச் சொல்லு. அவருதானே நிறுத்தச் சொன்னது."

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். பிறகு எழுந்து போனாள். அவளுடைய வெறுங்கால் பூட்ஸுக்கு எதிரே போய் நின்றதைப் பார்த்தேன். ஜெபத்தை விடாதவள், ஞாயிற்றுக்கிழமை தவறாதவள், அண்ணன் முன்னால் உட்காரக்கூட யோசிப்பவள். அவள் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"அண்ணே, அங்கிட்டு நகருங்க."

"எஸ்தரு, விசுவாசத்துல குறுக்க வராத."

"ஆண்டவர் ஊசியப் போட வேணாம்னு எந்தக் காதுல வந்து சொன்னாரு? நகருங்கன்னா நகருங்க. சார், புட்டில மிச்சம் இருக்குறத எடுங்க."

கம்பவுண்டர் எடுத்தார். எனக்கு அன்றைக்குப் போட வேண்டிய கடைசி அளவு அது. தேவசகாயத்துக்குப் போட்டார்கள். அவருக்கு அப்போது நினைவு பாதிதான் இருந்தது, வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. பூட்ஸ் சத்தம் காட்டாமல் வெளியே போய்விட்டது.

அன்று சாயங்காலமே டாக்டரம்மா மூன்று புட்டியோடு வந்து இறங்கினார். வந்த சேலையோடு வேலை செய்தார். நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினார், மணிக்கொரு தடவை ஊசி போட்டார். மறுநாள் காலை பத்து மணிக்குத் தேவசகாயம் இறந்துபோனார். அந்த மரம் அறுக்கும் சத்தம் நின்றபோது வார்டு எவ்வளவு பெரிது என்று தெரிந்தது.

பிணத்தை எடுத்துப் போன பிறகு கித்தான் ஷூ என் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றது.

"அவர் ஊசி வேண்டாம்னு சொன்னப்ப நீங்க முழிச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"நான் சொன்னதெல்லாம் உங்களுக்குப் புரிஞ்சிருந்தது இல்லையா?"

"புரிஞ்சிருந்தது."

ஷூ திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் வீட்டுக்குப் போகும் வரை அவர் என்னிடம் முதுகைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தேன். மனிதர்களுக்கு முகம் இருப்பதை மறுபடி பார்த்தேன், பார்த்து ஆனந்தப்படும்படி ஒன்றும் இல்லை. நான் பிழைத்ததற்குச் சபையில் நடந்த நன்றி ஆராதனைக்கு எஸ்தருக்காகப் போனேன். ஆசீர்வாதம் உபதேசியார் என்னைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு சாட்சி சொன்னார். அவிசுவாசியின் முதுகை ஆண்டவர் தொட்டார் என்றார். ஜெபித்த கை தன் கை என்பதையும் விடாமல் சொன்னார். தேவசகாயத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை வந்தது: பூரண விசுவாசி, அதனால் ஆண்டவர் சீக்கிரம் அழைத்துக்கொண்டார். விசுவாசித்தவன் செத்ததும் அத்தாட்சி, விசுவாசிக்காதவன் பிழைத்ததும் அத்தாட்சி. இப்படி ஒரு வியாபாரத்தில் நஷ்டம் எப்படி வரும்? ஜனங்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எஸ்தர் ஒருத்திதான் தலை குனிந்து நின்றிருந்தாள். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் உட்கார்ந்தபோது எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. விசுவாசிகள் கேட்க மாட்டார்கள் என்பதுதான் அது. சொல்லியிருந்தாலும் அந்த மனுஷன் கேட்டிருக்க மாட்டார். உபதேசியார் வார்த்தைக்கு முன்னால் நாஸ்திகன் வார்த்தை எந்த மூலைக்கு? இருபது வருஷம் நான் பேசிப் பேசி யார் மாறினார்கள்? இதை நானே பல தடவை எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் சொல்லிக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. வேறு யாராவது சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகத்தான் தேவசகாயத்தின் ஊருக்குப் போனேன், சின்னம்மாளுக்கு ஆறுதல் சொல்லப் போகவில்லை.

பெட்ரோல் கிடைக்காமல் கரிப் புகையில் ஓடும் பஸ்ஸில் ஆலங்குடி வரை போய், அங்கிருந்து மூன்று மைல் நடந்தேன். சின்னம்மாள் வீட்டு வாசலில் கடலைச் செடியைக் குவித்து வைத்து ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கய்யா, முதுகு ஆறிருச்சா?" என்றார். உட்கார ஒரு மணையைத் தள்ளினார்.

சுற்றி வளைக்கத் தெம்பில்லை. "அன்னைக்குக் காலையில உங்க வீட்டுக்காரர் எங்கிட்ட வந்து கேட்டார். ஊசி போட்டுக்கவா வேணாமான்னு. நான் ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார், இல்லையா?"

அந்த அம்மாள் கடலையை உருவிக்கொண்டே சொன்னார்.

"அப்படியெல்லாம் இல்லைங்கய்யா. ஊசிய நிறுத்த அவுகளுக்கும் பயந்தான். அதுக்கு முந்துன நாளு சாயங்காலம் நான் காலு வலிக்கு எண்ணெ கொண்டாந்தப்ப சொன்னாக. 'உபதேசியாரு இப்படிச் சொல்லிட்டுப் போறாரு, எனக்கு ரெண்டு மனசா இருக்கு. காலையில வாத்தியாரையாகிட்டக் கேட்டுப்புடுறேன். அவரு சாமியே இல்லைங்கிறவரு. இது பொய்யின்னா சும்மா விட மாட்டாரு, மொகத்துக்கு நேராச் சொல்லிப்புடுவாரு'ன்னாக. பெறகு நான் திரும்ப வந்தப்ப, நல்லா இருந்த நேரம், கேட்டேன். 'ஊசிய நிறுத்தாதன்னு வாத்தியாரே சொல்லல புள்ள. அவரே சொல்லாதப்ப இதுல பயமில்ல'ன்னாக."

அதில் குற்றம் சாட்டுகிற தொனி ஒன்றும் இல்லை. என்னைப் பற்றி ஒரு நல்ல விஷயம் சொல்வது போலத்தான் சொன்னார். நான் மணையில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன்யா, நீங்க படிச்சவுக. அன்னைக்கே ஊசியப் போட்டிருந்தா பொழைச்சிருப்பாகளா?" என்று கேட்டார்.

நாளாகிவிட்டது, யார் கண்டது, வியாதி அப்படி, உப்புத் தண்ணீர், கால் அழுகல் என்று சொல்வதற்கு எனக்கு எத்தனையோ இருந்தன. எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன.

"பிழைச்சிருப்பார்" என்றேன்.

அந்த அம்மாள் கையிலிருந்த செடியைக் கீழே வைத்தார். முந்தானையில் மண்ணைத் துடைத்துக்கொண்டார். என் முகத்தை நன்றாக ஒரு தடவை பார்த்தார்.

"அப்ப எந்திரிச்சுப் போங்க" என்றார்.

எழுந்து போனேன்.